மட்டக்களப்பில் ஸ்கூபா: பை கட்டும் முன்னாடி ஒரு கணக்கு

எலியட்ஸ் பீச்சில் யாராவது அலையில் மாட்டிக்கிட்டா என்ன நடக்கும்? கரையில் நிற்கிற ஊரூர் குப்பத்து ஆட்கள் யாராவது குதிப்பாங்க. 108-க்கு போன் போகும். கொஞ்ச நேரத்தில் அடையாறிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துடலாம். சென்னையில் நாம எந்த வீர விளையாட்டு விளையாடினாலும் இந்த ஏற்பாடு பின்னாடியே நிற்கிறது. அது இருப்பதே நமக்குத் தெரியாது, கரண்ட் மாதிரி. போனால்தான் தெரியும்.

கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, தண்ணீருக்கு 24 மீட்டர் கீழே இருக்கும்போது அந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. அங்கே உங்களிடம் இருப்பது முதுகில் இருக்கும் காற்று, பக்கத்தில் இருக்கும் நண்பர், கிளம்பும் முன்னால் போட்ட கணக்கு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் 'செல்ஃப் ரிலையன்ட் டைவிங்' என்று ஸ்டைலாகச் சொல்வது இதைத்தான். அந்தப் பெயரில் பாடி நிறுவனம் தரும் சான்றிதழ் வாங்க வயது 18 ஆகியிருக்கணும், 100 டைவ் பதிவில் இருக்கணும். நம்மில் பலர் அந்த இடத்தில் இல்லை. ஆனால் அந்தப் படிப்பின் மையத்தில் இருக்கும் கணக்கு பிளஸ் டூ பிசிக்ஸ்தான். ஓப்பன் வாட்டர் முடித்த அன்றைக்கே அதைப் போட்டுப் பார்க்கலாம், பார்க்கணும்.

உதாரணத்துக்கு ஒரு நிஜமான இடத்தை எடுத்துக்குவோம்: இலங்கையின் கிழக்குக் கரை, மட்டக்களப்பு. காரணங்கள் சொல்றேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ரயில். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதி, நம்ம செமஸ்டர் லீவுக்கு அப்படியே பொருந்துகிறது. படகுக்காரரோடு தமிழில் பேசலாம். இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பிறகு பார்ப்போம்.

1942 ஏப்ரல் 9. ஜப்பானிய விமானங்கள் அன்று திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக்கு எதிரே பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' கப்பலைக் கண்டுபிடித்து மூழ்கடித்தன. விமானம் தாங்கிக் கப்பலாகவே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். 'விட்டா' என்ற மருத்துவக் கப்பல் வந்து சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. அதே நாளில் அதே கரையோரம் 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது.

இரண்டும் இன்றைக்கு டைவர்கள் போகும் இடங்கள். ஹெர்மிஸ் கிடப்பது சுமார் 53 மீட்டரில். நம்ம மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் சுமார் 54 மீட்டர். அதன் மொட்டை மாடிதான் கடல் மட்டம் என்று வைத்துக்கொண்டால் கப்பல் கிடப்பது வாசல் படியில். பிரிட்டிஷ் சார்ஜென்ட் சுமார் 24 மீட்டரில், அதாவது மயிலாப்பூர் கபாலீஸ்வரர் ராஜகோபுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

இன்ஸ்டாவில் பேர் வாங்குவது ஹெர்மிஸ். "மச்சி, அவ்ளோ தூரம் போய்ட்டு அதைப் பார்க்காம வர்றதா?" என்று குரூப்பில் ஒருத்தன் கண்டிப்பாகக் கேட்பான். அவனுக்குப் பதில் சொல்ல கால்குலேட்டர் போதும்.

முதலில் சின்னக் கப்பல்

தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் 1 பார் கூடும். மேலே ஏற்கெனவே 1 பார் இருக்கிறது. ஆக 24 மீட்டரில் 3.4 பார். பாயில் விதிப்படி அங்கே ஒவ்வொரு மூச்சும் மேலே இழுப்பதைப் போல 3.4 மடங்கு காற்றை சிலிண்டரிலிருந்து எடுக்கும். நிதானமாக இருக்கும் டைவர் மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 24 மீட்டரில் 68 லிட்டர்.

வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பாருக்கு நிரப்பினால் 2,220 லிட்டர் காற்று. 68-ஆல் வகுத்தால் 32 நிமிடம் வருகிறதே என்று சந்தோஷப்படாதீங்க. அது சிலிண்டர் முழுசா காலியாகும் நேரம்.

இனிதான் முக்கியமான கேள்வி. எவ்வளவு காற்று மிச்சமிருக்கும்போது மேலே கிளம்பணும்? பெரும்பாலான இடங்களில் சொல்வது "50 பாரோட மேல வந்துடு". கேட்க எளிமையா இருக்கு. ஆனால் அது எதிலிருந்து வந்த எண் என்று கேட்டுப் பாருங்க, பதில் வராது. நாமே கண்டுபிடிப்போம்.

மோசமான நிமிடத்தை எடுத்துக்குங்க. கப்பலுக்குப் பக்கத்தில் இருக்கீங்க, நண்பரின் ரெகுலேட்டர் வேலை செய்யவில்லை. உங்கள் சிலிண்டரிலிருந்து இரண்டு பேரும் சுவாசிக்கணும். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60.

பிரச்சினையைப் புரிந்துகொண்டு இரண்டாவது ரெகுலேட்டரைக் கொடுக்க 1 நிமிடம்: 60-ஐ 3.4-ஆல் பெருக்கினால் 204 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர சுமார் 3 நிமிடம், வழியில் சராசரி அழுத்தம் 2.2 பார்: 396 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கணும், அங்கே 1.5 பார்: 270 லிட்டர். மொத்தம் 870. அதை 11.1-ஆல் வகுத்தால் 78 பார், 80 என்று வைத்துக்குவோம்.

50 பாரில் இருப்பது 555 லிட்டர்தான். தனியாக மேலே வருவதற்கு அது தாராளம். நண்பரோடு வருவதற்குப் போதாது. அந்த விதி சொல்லித்தரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். பத்து மீட்டர் ஆழமுள்ள பவளப் பாறைக்குச் சரியாக வரும் எண்ணை இருபத்துநாலு மீட்டருக்கும் அப்படியே தூக்கிக்கிட்டுப் போறோம்.

ஆக 200-இல் 80 தொடக்கூடாத காற்று. மிச்சம் 120. போன வழியில் நங்கூரக் கயிற்றுக்கே திரும்பி வரணும் என்பதால் அதில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. அளவுமானி 140 காட்டும்போது திரும்பணும், கயிற்றை அடையும்போது 80 இருக்கணும். கீழே கிடைக்கும் மொத்த நேரம் 1,332-ஐ 68-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 19 நிமிடம். பாடி அட்டவணையில் 25 மீட்டருக்கு நிறுத்தம் இல்லாமல் மேலே வரக்கூடிய எல்லை 29 நிமிடம். காற்று அதுக்கு முன்னாலேயே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. நல்லதுதான்.

இப்போ ஹெர்மிஸ்

அதே சிலிண்டர், அதே இரண்டு பேர், அதே கணக்கு. 53 மீட்டரில் 6.3 பார். 1 நிமிடம் சமாளிக்க 378 லிட்டர். மேலே வர 6 நிமிடம், சராசரி 3.65 பார், 1,314 லிட்டர். 5 மீட்டர் நிறுத்தம் 270. கூட்டினால் 1,962 லிட்டர், அதாவது 177 பார். இருப்பதே 200. கீழே போய்ச் சேரும்போதே நீங்க தொடக்கூடாத காற்றைத் தொட ஆரம்பிச்சிருப்பீங்க. இத்தனைக்கும் அந்த ஆழத்தில் சில நிமிடங்களிலேயே கட்டாயமாகிவிடும் டீகம்ப்ரஷன் நிறுத்தங்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

காற்றின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை, அடர்த்தியும்தான். மேலே ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். 53 மீட்டரில் அது 7.6 கிராம். ஆன்டனி, மிட்செல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பரிந்துரைத்த அளவு லிட்டருக்கு 5.2 கிராம், அதிகபட்சம் 6.2. அதுக்கு மேல் போனால் காற்று நுரையீரலில் கூழ் மாதிரி நகரும். உழைத்து நீந்தினால் கார்பன் டை ஆக்சைடு முழுசா வெளியேறாது. மூச்சு வாங்கும், பதற்றம் வரும், நைட்ரஜன் மயக்கம் அதோடு சேரும். ஹெர்மிஸுக்குப் போகிறவர்கள் ஹீலியம் கலந்த வாயு, இரட்டை சிலிண்டர், பல வருடப் பயிற்சியோடு போகணும் என்பதற்கு இதுதான் காரணம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர். அட்வான்ஸ்டு சான்றிதழுக்கு 30, ஓப்பன் வாட்டருக்கு 18.

குரூப்பில் கேட்டவனுக்கு இந்தப் பத்தியை அனுப்புங்க. சார்ஜென்ட்டுக்கே அட்வான்ஸ்டு சான்றிதழ் வேணும்.

உங்கள் எண்ணை நீங்களே அளக்கணும்

20 லிட்டர் என்பது என் உதாரணம். உங்களுடையது 15 ஆகவும் இருக்கலாம், 28 ஆகவும் இருக்கலாம். சென்னையில் டைவிங் பயிற்சி எடுக்கும்போது, குளத்தின் ஆழமான பக்கத்தில் பத்து நிமிடம் ஒரே மட்டத்தில் நீந்துங்க, முன்னும் பின்னும் அளவுமானியைக் குறிச்சுக்கங்க. 4 மீட்டரில் 10 நிமிடத்தில் 25 பார் இறங்கினால்: 25-ஐ 11.1-ஆல் பெருக்கி, 10-ஆல் வகுத்து, 1.4-ஆல் வகுத்தால் 19.8. கடலில் இது கூடும். நீரோட்டத்தில் இன்னும் கூடும். அதனால் முதல் இரண்டு டைவை பத்துப் பன்னிரண்டு மீட்டரில் வைத்து மறுபடி அளந்து, பிறகு கப்பலுக்குப் போங்க.

நண்பர் தொலைந்துபோனால்? ஒரு நிமிடம் தேடணும், கிடைக்கலைன்னா இரண்டு பேரும் தனித்தனியா மேலே வரணும், அங்கே சந்திக்கணும். இதை முன்கூட்டியே பேசி வைக்காத ஜோடி கீழேயே தேடிக்கிட்டு இருக்கும். இங்கேதான் 3 லிட்டர் குட்டி சிலிண்டர் ஒன்று தனி ரெகுலேட்டரோடு இருந்தால் உதவும். அதில் 600 லிட்டர். ஒருத்தர் பதற்றத்தோடு 24 மீட்டரிலிருந்து நிறுத்தத்தோடு மேலே வர 435 லிட்டர் போதும். வாடகைக்கு கிடைக்குமா என்று புறப்படும் முன்பே கேளுங்க. கிடைக்கலைன்னா ஆழத்தைக் குறைச்சுக்கங்க.

மேலே வந்த பிறகு

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்கும் குளிப்பு அது. பின்னாளில் சங்கு குளிக்கிறவர்கள் பலர் படகில் கம்ப்ரஸரை வைத்து, குழாய் வழியாகக் காற்று வாங்கி, மணிக்கணக்கில் கீழே இருக்கத் தொடங்கினார்கள். அட்டவணை கிடையாது, நிறுத்தம் கிடையாது. இப்படிக் குளிக்கிறவர்களுக்கு மூட்டு வலியும், சில பேருக்குக் கால் விழுந்துபோவதும் தொழிலின் பங்காகவே ஆகிவிட்டது. கடலைப் பற்றி நம்மைவிட நூறு மடங்கு தெரிந்தவர்கள் அவர்கள். நைட்ரஜனுக்கு அது தெரியாது.

சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழ் வருகிற அதே ஹென்றி விதி. அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், வேகமாக மேலே வந்தால் குமிழாகும். 1878-இல் பால் பெர்ட் இதை விளக்கினார், 1908-இல் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து முதல் அட்டவணையைக் கொடுத்தார். சிகிச்சை: உடனே தூய ஆக்ஸிஜன், பிறகு அழுத்த அறை.

இலங்கைக் கடற்படையின் அழுத்த அறை திருகோணமலையில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து சாலையில் சுமார் 135 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று வைங்க. படகு கரைக்கு வர ஒரு மணி நேரம். மொத்தம் நாலு மணி நேரம், நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன்: 3,600 லிட்டர். நம்ம ஊர் ஆம்புலன்சில் பார்க்கும் 'பி' டைப் சிலிண்டரில் இருப்பது சுமார் 1,500 லிட்டர். இரண்டு இருந்தாலும் போதாது, மூன்று வேணும். "ஆக்ஸிஜன் இருக்கா?" என்று கேட்டால் எந்த டைவ் சென்டரும் "இருக்கு" என்றுதான் சொல்லும். "எத்தனை லிட்டர்? படகிலா, கரையிலா? மாஸ்க் எந்த வகை?" என்று கேளுங்க. பதில் தயங்கினால் அதுவே பதில்.

அறை இந்த மாதம் வேலை செய்கிறதா என்பதையும் போகும் முன் போனில் உறுதி செய்யணும். ஆம்புலன்சுக்கு இலங்கையில் 1990. சுவசெரிய என்ற இலவச சேவை, இந்திய உதவியோடு 2016-இல் தொடங்கியது. டைவிங் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீங்க. சாதாரண டிராவல் பாலிசியில் ஸ்கூபாவுக்கு விலக்கு இருக்கும், சின்ன எழுத்தைப் படிங்க.

காற்றும் படகுக்காரரும்

மட்டக்களப்பில் கச்சான் என்றால் நிலக்கடலை. கச்சான் என்றால் காற்றும்தான், கோடையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட காற்று. நம்ம குப்பங்களிலும் அந்தச் சொல் உண்டு. இந்தக் காற்றில் ஒரு ஏமாற்று இருக்கிறது. நிலத்திலிருந்து வீசுவதால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும். ஆனால் படகை விட்டுத் தள்ளி மேலே வந்த டைவரை அது வங்காள விரிகுடாவுக்குள் தள்ளும். அதனால் விடியற்காலையிலேயே இறங்கி, காற்று ஏறும் முன் கரைக்கு வந்துடணும். ஆரஞ்சு நிற மிதவைக் குழாய், விசில், சின்னக் கண்ணாடி ஆகியவை ஆளுக்கு ஒன்று. மூன்றும் சேர்ந்தாலும் ஒரு பிரியாணி பக்கெட் எடை வராது.

படகுக்காரர் அந்தக் கடலிலேயே வளர்ந்தவராக இருப்பார். முதல் நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசுங்க. "அண்ணன், நாளைக்கு நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று கேளுங்க. "தம்பி, நாளைக்கு வேணாம்" என்று அவர் சொன்னால் விண்டி ஆப் பச்சை காட்டினாலும் போகாதீங்க. அவரிடம் நீங்க சொல்ல வேண்டியதும் இருக்கு. எத்தனை பேர் இறங்குறோம், எத்தனை மணிக்கு இறங்குறோம், நாற்பது நிமிடத்தில் வராவிட்டால் எந்தப் பக்கம் தேடணும், யாருக்கு அழைக்கணும். குமிழ் தெரியும் இடத்தில் இன்ஜினை அணைக்கணும். இதையெல்லாம் சைகையிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டிய நாடுகளில் எத்தனையோ பேர் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இங்கே தமிழில் சொல்லலாம், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

சாமான் பற்றிச் சுருக்கமா. சிலிண்டரும் எடைக்கட்டியும் அங்கேயே வாடகைக்கு. மாஸ்க், கம்ப்யூட்டர், முடிந்தால் சர்வீஸ் செய்த ரெகுலேட்டர் உங்களுடையது. யோக், டின் என்று இரண்டு வகை வால்வு இருக்கிறது, எது என்று கேட்டு அடாப்டர் எடுத்துக்கங்க. ஓ-ரிங் ஒரு டஜன், மாஸ்க் பட்டை ஒன்று, கேபிள் டை கொஞ்சம். டி.நகரில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள், ஆனா டைவிங் ஓ-ரிங்கை ரங்கநாதன் தெருவில் தேடாதீங்க. டார்ச் பேட்டரி லித்தியம் என்றால் கைப்பையில். சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்க, ஐந்து வருடம் தாண்டியிருந்தால் வேண்டாம்.

கம்ப்ரஸரை நேரில் பாருங்க. அது காற்று இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு இருக்கலாம். அதுக்கு வாசனை கிடையாது. மோந்து பார்த்து "ஓகே" சொல்வது எண்ணெய் வாடைக்கு மட்டும்தான் உதவும். கையடக்க மோனாக்சைடு அளவி ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிக்கலாம்.

கப்பலுக்குள் நுழையாதீங்க, அதுக்குத் தனிப் பயிற்சி உண்டு. எதையும் எடுக்காதீங்க.

கடைசியா, திரும்பி வரும் திட்டம். நாலு நாள் டைவ் முடித்துவிட்டு "அப்படியே நுவரெலியா பார்த்துட்டு போலாமா" என்று தோன்றும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மலையைப் பயணத்தின் தொடக்கத்தில் வைங்க, கடலைப் பின்னால் வைங்க. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கணும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் வழிகாட்டல். கடைசி டைவ் காலை எட்டு மணிக்கு முடிந்தால் அன்றைக்குப் பகலில் மட்டக்களப்பில் நல்லா சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தூங்கலாம். இரவு ரயில் மலை ஏறாமல் பொலன்னறுவை, மாகோ வழியாகக் கொழும்புக்குப் போகிறது. மறுநாள் மதியம் சென்னை விமானத்தில் ஏறும்போது 28 மணி நேரம் ஆகியிருக்கும்.